செல்ஃப் ‘டக டக’ன்னு மட்டும் அடிக்குது, டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆகல

காசிமேடு_லோடு:

வணக்கம். 2018 மாடல் பிஎஸ்-4 டீசல் பிக்கப், 2.5 லிட்டர், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்லேர்ந்து அதிக பிரஷர்ல டீசல் போற சிஸ்டம்). காசிமேட்டுலேர்ந்து வானகரம் மார்க்கெட்டுக்கு மீன் லோடு போற வண்டி. நேத்து விடியக்காலை 3 மணிக்கு சாவி போட்டா டேஷ் லைட் எல்லாம் பளிச்சுன்னு வருது. ஸ்டார்ட்டுக்குத் திருப்பினா ‘டக டக டக’ன்னு சத்தம் மட்டும்தான். இன்ஜின் அரை சுத்து கூட சுத்தல.

இதுவரைக்கும் செஞ்சது: பேட்டரி வாங்கி 8 மாசம்தான் ஆகுது. இருந்தாலும் கழட்டி ராத்திரி முழுக்க கடையில சார்ஜ் போட்டாச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டர்ல 12.58 வோல்ட் காட்டுச்சு. டெர்மினல் ரெண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு டைட் பண்ணியாச்சு. அப்பவும் அதே டக டக. பக்கத்துல இருக்கிற மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழட்டிப் பாத்துட்டு, செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார்) போச்சு, மாத்தணும்னு சொல்றார்.

செல்ஃப் மாத்துறதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கணும்? தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா? மல்டிமீட்டர் கையில இருக்கு.

அம்பத்தூர்_ஆட்டோஎலக்ட்ரிக்:

செல்ஃபைக் கழட்டாதீங்க, இப்போதைக்கு. டக டக சத்தம் வந்தா பத்துல ஒன்பது பேர் பேட்டரி, இல்லன்னா செல்ஃப்னு முடிவு கட்டிடுவாங்க. அந்தச் சத்தத்துக்கு மூணாவதா ஒரு காரணம் இருக்கு: கேபிள், இல்லன்னா எர்த் (இன்ஜின்லேர்ந்து பேட்டரி நெகட்டிவுக்கு கரண்ட் திரும்பிப் போற வழி). உங்க வண்டிக்கு அதைத்தான் முதல்ல பாக்கணும்.

சத்தம் எப்படி வருதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. சாவியைத் திருப்பினதும் செல்ஃப் மேல இருக்கிற சோலனாய்டு (காந்த சுவிட்ச்), இன்ஜினோட கோக்குற பெண்டிக்ஸ் பல்சக்கரத்தை முன்னாடி தள்ளி, உள்ள இருக்கிற பெரிய காண்டாக்டை மூடும். அந்த நொடி மோட்டார் 200, 300 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் போற வழியில எங்கயாவது தடை இருந்தா வோல்ட் பொத்துன்னு விழும். சோலனாய்டுக்குப் பிடிச்சு வைக்க பலம் போதாது, காண்டாக்ட் விட்டுடும். விட்டதும் வோல்ட் திரும்ப ஏறும், திரும்பப் பிடிக்கும். இதுதான் டக டக. தடை பேட்டரிக்கு உள்ளயும் இருக்கலாம், வெளிய கேபிள்லயும் இருக்கலாம், எர்த்லயும் இருக்கலாம். காதுக்கு எல்லாம் ஒண்ணுதான். மீட்டர்தான் பிரிச்சுக் காட்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். ஒருத்தர் சாவியைத் திருப்பிப் பிடிக்கணும், ஒருத்தர் மீட்டர் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் 4, 5 செகண்டுக்கு மேல வேண்டாம்.

முதல் அளவு, பேட்டரியோட ரெண்டு கம்பத்துலயும். கிளாம்ப் மேல வைக்காதீங்க, ஈயக் கம்பத்து மேலயே முனை படணும். சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழ போனா பேட்டரி சுமை தாங்கலன்னு அர்த்தம். சும்மா இருக்கும்போது 12.58 காட்டினது அதைச் சொல்லாது. ஒரு செல் போன பேட்டரி கூட ராத்திரி சார்ஜ் போட்டு எடுத்தா கொஞ்ச நேரம் நல்ல வோல்ட் காட்டும்.

ரெண்டாவது அளவுதான் முக்கியம். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, சிவப்பு முனை இன்ஜின் பிளாக்ல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்ல. சாவி திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல எவ்வளவு காட்டுதோ, அவ்வளவும் எர்த் வழியில வீணாப் போகுது.

மூணாவது, பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துலேர்ந்து செல்ஃப்ல கனமான கேபிள் மாட்டியிருக்கிற போல்ட் வரைக்கும். அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

இதோட ஹெட்லைட் போட்டுட்டு சாவியைத் திருப்பி, வெளிச்சம் என்ன ஆகுதுன்னும் பாத்து எழுதுங்க.

இன்னொண்ணு. ஒயரைக் கழட்டி, மீட்டரைக் கன்டின்யூட்டில (கரண்ட் போக வழி இருந்தா பீப் அடிக்கிற செட்டிங்) வச்சுப் பாத்து, பீப் அடிக்குது, ஒயர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. 0.2 ஓம் தடை இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். பார்க் லைட்டுக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்ல. 200 ஆம்பியர் கேக்குற செல்ஃபுக்கு அதுதான் சுவர். அதனாலதான் சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே அளக்கணும்னு சொல்றேன்.

ரெட்ஹில்ஸ்_டிரைவர்:

தள்ளுறதைப் பத்தி மட்டும் சொல்றேன். பழைய பம்ப் வண்டியைத் தள்ளினா எடுத்துடும். காமன் ரெயில் அப்படி இல்ல. ஈசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ஒழுங்கா கரண்ட் போகணும், ரெயில்ல பிரஷர் ஏறணும், இன்ஜின் சுத்துறதைச் சொல்ற கிராங்க் சென்சார் சிக்னல் வரணும். அப்புறம்தான் இன்ஜெக்டர் திறக்கும். பேட்டரி முழுசா படுத்துட்டா எத்தனை பேர் தள்ளினாலும் எடுக்காது. மீன் லோடோட தள்ளினா கிளட்ச்தான் கருகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு. ஹார்பர் பக்கம் நிக்கிற லாரி முக்கால்வாசி 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக் கோர்த்திருப்பாங்க. ‘லாரிலேர்ந்து கேபிள் குடுங்க அண்ணே’ன்னு கேட்டு மாட்டிடாதீங்க. 24 வோல்ட் உள்ள போனா ஈசியூ, டேஷ் மீட்டர், பல்பு எல்லாம் போயிடும். பேட்டரி வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. கார் இல்லன்னா இன்னொரு 12 வோல்ட் பிக்கப்லேர்ந்து மட்டும் எடுங்க. சிவப்பு முதல்ல உங்க பாசிட்டிவ்ல, அப்புறம் அவங்க பாசிட்டிவ்ல. கறுப்பு அவங்க நெகட்டிவ்ல, கடைசி முனை உங்க இன்ஜின் பிளாக்ல. உங்க பேட்டரி நெகட்டிவ்ல வேண்டாம். பேட்டரியிலேர்ந்து ஹைட்ரஜன் வாயு வரும், அங்க தீப்பொறி கூடாது.

காசிமேடு_லோடு:

ரொம்ப நன்றி அண்ணே. அளந்து பாத்துட்டேன்.

பேட்டரி கம்பத்துல சும்மா இருக்கும்போது 12.5, சாவி திருப்பும்போது 12.1. பாசிட்டிவ் கேபிள்ல 0.1 கூட இல்ல. நெகட்டிவ் கம்பத்துலேர்ந்து இன்ஜின் பிளாக் வரைக்கும் மீட்டர் ஒரு இடத்துல நிக்கல, 5-லேர்ந்து 11 வரைக்கும் ஆடுது. ஹெட்லைட் மங்கவே இல்ல.

இன்னொரு விஷயம். நாலஞ்சு தடவை விடாம அடிச்சுப் பாத்தப்போ கேபின்ல லேசா பிளாஸ்டிக் கருகுற வாசனை வந்துச்சு. கியர் கேபிளைத் தொட்டா சூடா இருக்கு. அது செல்ஃப் சூடா?

அம்பத்தூர்_ஆட்டோஎலக்ட்ரிக்:

இனிமே சாவியைத் திருப்பாதீங்க. அது செல்ஃப் சூடு இல்ல. இன்ஜின் எர்த் அறுந்திருக்கு, இல்லன்னா துரு பிடிச்சு ஒட்டாம நிக்குது. திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் கியர் கேபிளோட இரும்புக் கம்பி வழியா சேஸிஸுக்குப் போகுது. அந்தக் கம்பி செல்ஃப் கரண்டைத் தாங்குற கம்பி இல்ல. இன்னும் கொஞ்சம் அடிச்சிருந்தா மேல் உறை உருகி கேபிள் உள்ளயே பிடிச்சுக்கும். அப்புறம் அதுக்கும் செலவு.

நீங்க குடுத்த அளவே இடத்தையும் காட்டுது. பேட்டரி 12.1-ல நிக்குது, அதனால பேட்டரி மேல தப்பு இல்ல. பாசிட்டிவ் வழி சுத்தம். ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியிலயும் சேஸிஸ்லயும்தான், அது மங்கல, அதனால பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து சேஸிஸ் வரைக்கும் நல்லா இருக்கு. மிச்சம் இருக்கிறது சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரே ஒரு பட்டை. சந்தேகம் இருந்தா சாவியைத் திருப்பாமலே அந்தப் பட்டையைத் தேடிப் பாருங்க. கியர்பாக்ஸ் பெல் ஹவுஸிங் பக்கமோ இன்ஜின் மவுண்ட் பக்கமோ ஒரு பின்னல் பட்டை சேஸிஸ்ல முடுக்கியிருக்கும்.

மீன் வண்டிக்கு இது வர்றது ஆச்சரியமே இல்ல. ஐஸ் கரைஞ்ச உப்புத்தண்ணி பாடிப் பலகை இடுக்கு வழியா சேஸிஸ் மேலதான் சொட்டும். மேல பாத்தா போல்ட் முழுசா இருக்கும், ஸ்பேனர் போட்டா டைட்டாவே இருக்கும். கழட்டினா வாஷருக்கு அடியில பழுப்பா பொருக்குப் பொருக்கா உதிரும், பின்னல் செம்பு பச்சை பூத்து, விரல்ல மடக்கினா ஒடியும். இரும்பைப் பிடிச்சிருக்கிறது அந்தப் பொருக்குதான், அதுல கரண்ட் போகாது.

மீட்டர் இல்லாதவங்களுக்கும் சேத்து ஒரு சோதனை. ஜம்ப் கேபிள் கறுப்பு ஒண்ணை எடுத்து ஒரு முனையை இன்ஜின் பிளாக்ல சுத்தமான போல்ட்லயும், இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்லயும் கவ்வ வைங்க. இப்ப சாவி திருப்பினா செல்ஃப் பளிச்சுன்னு சுத்துச்சுன்னா எர்த்தான், வேற எதுவும் இல்ல. நல்ல கனமான கேபிளா இருக்கணும். நூல் மாதிரி கேபிள்ல இந்தச் சோதனையை நம்ப முடியாது.

சரி பண்றது இப்படி. பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, திரும்ப மாட்டும்போது அது கடைசி. பழைய பட்டையைத் தேய்ச்சு மாட்டுற வேலையே வேண்டாம். 35 ஸ்கொயர் எம்எம் செம்புப் பின்னல் பட்டை, ரெண்டு பக்கமும் லக் (போல்ட் மாட்டுற ஓட்டை வச்ச முனை) அமுக்கி கிரிம்ப் பண்ணினதா வாங்குங்க. புதுப்பேட்டையிலயும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்லயும் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். அலுமினிய நிறத்துல இருக்கிறதெல்லாம் அலுமினியம் இல்ல, ஈயம் பூசின செம்பாவும் இருக்கும். ஒரு இழையைக் கத்தியால சுரண்டினா உள்ள சிவப்பு தெரியணும்.

சேஸிஸ்ல லக் உக்காருற இடம், இன்ஜின்ல உக்காருற இடம், ரெண்டையும் எமரி போட்டு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்க்கணும். பெயின்ட் ஒரு பொட்டு கூட நடுவுல இருக்கக் கூடாது. புது போல்ட், லக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவுல பல் வச்ச ஸ்டார் வாஷர். முடுக்கினதுக்கு அப்புறம் மேல பூரா பெட்ரோலியம் ஜெல்லி. முதல்லயே தடவிட்டு முடுக்காதீங்க.

உங்க மாதிரி வண்டிக்கு நான் எப்பவும் சொல்றது, இன்னொரு எர்த் கேபிளை செல்ஃப் மவுண்டிங் போல்ட்லேர்ந்து நேரா பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்துடுங்க. அதுவும் 35 ஸ்கொயர் எம்எம். சேஸிஸ் துருவை நம்பி இருக்க வேண்டியதில்ல.

பெரம்பூர்_குட்டியானை:

நடுவுல கேக்குறேன், மன்னிக்கணும். நம்ம வண்டியில டக சத்தமே இல்ல. லைட் எல்லாம் இருக்கு, சாவி திருப்பினா அமைதி. இதுவும் எர்த்தா அண்ணே?

அம்பத்தூர்_ஆட்டோஎலக்ட்ரிக்:

இல்ல தம்பி, பெரும்பாலும் அது வேற வழி. சோலனாய்டுக்கு சிக்னலே போகாம இருக்கலாம். செல்ஃப்ல பெரிய போல்ட் பக்கத்துல மெல்லிசா ஒரு ஒயர் வரும். சாவி திருப்பும்போது அதுல 10 வோல்ட்டுக்கு மேல வருதான்னு பாருங்க. வந்தும் சத்தம் இல்லன்னா சோலனாய்டு. வரலன்னா பின்னாடி போகணும்: ஸ்டார்ட்டர் ரிலே, அதோட ஃபியூஸ், சாவி சுவிட்ச். கிளட்ச் மிதிச்சாதான் ஸ்டார்ட் ஆகுற வண்டியா இருந்தா பெடல் மேல இருக்கிற சுவிட்ச்தான் முதல் சந்தேகம், அதோட பிளாஸ்டிக் தொப்பி உடைஞ்சு கீழ விழுந்து கிடக்கும். பாக்ஸ்ல அதே மாதிரி இன்னொரு ரிலே, ஹாரனுக்கோ லைட்டுக்கோ இருந்தா, பின் அமைப்பு ஒண்ணா இருக்கான்னு பாத்து இடம் மாத்திப் போட்டு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. மேல விவரம் வேணும்னா தனியா ஒரு பதிவு போடுங்க.

காசிமேடு_லோடு:

பட்டையைக் கழட்டிட்டேன். நீங்க சொன்ன மாதிரியேதான், கையோட ரெண்டு துண்டா வந்துடுச்சு. புதுப் பட்டை, கூடவே செல்ஃப் போல்ட்லேர்ந்து நெகட்டிவுக்கு ஒரு கேபிள், ரெண்டும் போட்டாச்சு. செல்ஃப் இப்ப நல்ல வேகமா சுத்துது. இன்ஜின் பிளாக்ல 0.16 வோல்ட்தான் காட்டுது.

ஆனா வண்டி எடுக்கல. 10 செகண்ட் அடிச்சாலும் சும்மா சுத்துது. சைலன்சர்ல புகை இல்ல. ஹீட்டர் பிளக் மாத்தணும்னு இப்ப சொல்றாங்க.

டீசல்_பம்ப்_பாடி:

ஹீட்டர் பிளக்கை விடுங்க. சென்னையில மார்கழி விடியக்காலையில கூட 20 டிகிரி இருக்கும். நல்லா இருக்கிற காமன் ரெயில் இன்ஜினுக்கு இந்தச் சூட்டுல ஹீட்டர் பிளக் இல்லாமலே எடுக்கணும். அதோட, பிளக் பிரச்சனைன்னா டீசல் உள்ள போய் எரியாம வெள்ளைப் புகையா வரும். உங்களுக்குப் புகையே இல்ல, டீசலே உள்ள போகல.

முதல் பதிவுலயே பதில் இருக்கு. மெக்கானிக் ஃபில்டரைக் கழட்டிப் பாத்தார்னு எழுதியிருக்கீங்க. டீசல் லைன்ல ஏர் ஏறியிருக்கு. காமன் ரெயில்ல சுமார் 200 பார் பிரஷர் வந்தாதான் ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்கும். காத்து கலந்தா ஹை பிரஷர் பம்ப் அதையே அமுக்கி அமுக்கி விடும், பிரஷர் ஏறாது. செல்ஃபை அடிச்சே ஏரை எடுத்துடலாம்னு அடிச்சுக்கிட்டே இருந்தா பம்ப் டீசல் இல்லாம காயும். அந்தப் பம்புக்கு டீசல்தான் ஆயில்.

ஃபில்டர் தலையில ரப்பர் பல்போ, அமுக்குற பட்டனோ இருக்கும், அதான் ஹேண்ட் பம்ப். பக்கத்துல ஏர் ஸ்க்ரூ. அதை ரெண்டு சுத்து லூஸ் பண்ணி, கீழ துணி பிடிச்சுக்கிட்டு பம்ப் அடிங்க. முதல்ல புஸ்ஸுன்னு காத்து, அப்புறம் நுரை, அப்புறம் குமிழி இல்லாம டீசல். அங்க ஸ்க்ரூவை முடுக்கிட்டு பம்ப் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் திரும்ப அடிங்க. டேங்க் உள்ள எலக்ட்ரிக் பம்ப் இருக்கிற வண்டின்னா சாவியை ஆன்ல 10 செகண்ட் வச்சு ஆஃப் பண்றது, இப்படி நாலஞ்சு தடவை. அப்புறம் செல்ஃப் 10 செகண்ட், ஒரு நிமிஷம் இடைவெளி, திரும்ப 10 செகண்ட்.

ஒரு எச்சரிக்கை, இது உசுரு விஷயம். பழைய இன்ஜின்ல பண்ற மாதிரி இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணிட்டு செல்ஃப் அடிக்காதீங்க. காமன் ரெயில் ஓடும்போது 1,600 பார் வரைக்கும் போகும். அந்தப் பீச்சல் கையில பட்டா தோலைக் குத்திக்கிட்டு உள்ள டீசல் போயிடும். வெளிய ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகும். அப்படிப் பட்டா வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரி.

பம்ப் கல்லா ஆகலன்னா எங்கயோ காத்து இழுக்குது. முதல்ல ஃபில்டர் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). பழைய ரிங் தலையிலயே ஒட்டிக்கிட்டு, புது ரிங்கை அது மேல வச்சு முடுக்கிடுவாங்க. டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல இழுக்குற பக்கம்ங்கிறதால டீசல் வெளிய கசியாது, காத்து மட்டும் உள்ள போகும், அதனால கண்ணுக்கு எதுவும் தெரியாது. கழட்டும்போதே ஃபில்டர் அடியில ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல கால் லிட்டர் பிடிச்சு 10 நிமிஷம் வைங்க. தண்ணி இருந்தா அடியில தனியா கோடு போட்டு நிக்கும். மழைக்காலத்துல இது கட்டாயம்.

ஏர் எடுத்தும் எடுக்கலன்னா அடுத்தது, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு லேசாவது எழும்புதான்னு பாக்கணும். செத்த மாதிரி கிடந்தா கிராங்க் சென்சார் பக்கம் போகலாம். அதுக்கு மேல ஸ்கேனர் போட்டு ரெயில் பிரஷரைப் பாத்துட்டு இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளக்கணும், ஒரு சிலிண்டர் மட்டும் மத்ததைவிட ரொம்ப அதிகமா திருப்பி விட்டா அந்த இன்ஜெக்டர்தான். உங்களுக்கு அவ்வளவு தூரம் போகாதுன்னு நினைக்கிறேன்.

ரெட்ஹில்ஸ்_டிரைவர்:

இதைப் படிச்சுட்டு மழைக்காலத்துல யாரும் தப்பா பண்ணிடக் கூடாதுன்னு ஒண்ணு சேக்குறேன். கணேசபுரம் சப்வே, துரைசாமி சப்வே மாதிரி இடத்துல தண்ணியில இறங்கி நின்ன வண்டிக்கு மேல சொன்ன எந்தச் சோதனையும் கிடையாது. சாவியையே தொடாதீங்க. ஏர் ஃபில்டரைத் திறந்து பாத்து உள்ள ஈரம் இருந்தா இழுத்துக்கிட்டுதான் போகணும். சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடு வளைய வாய்ப்பு இருக்கு. ஹீட்டர் பிளக்கைக் கழட்டி, கையால இன்ஜினைச் சுத்தி, தண்ணியை வெளியேத்தின பிறகுதான் செல்ஃப்.

காசிமேடு_லோடு:

எடுத்துடுச்சு அண்ணே! ரெண்டு ஓ-ரிங் ஒண்ணு மேல ஒண்ணு இருந்துச்சு. பழசை எடுத்துட்டு மாட்டி, 40 தடவைக்கு மேல பம்ப் அடிச்சப்புறம் கல்லு மாதிரி ஆச்சு. ரெண்டாவது தடவை செல்ஃப்ல புடிச்சுக்கிச்சு. பாட்டில்ல தண்ணி கொஞ்சம்தான், அரை விரல் அளவு. ஓடும்போது பேட்டரியில 14.2 வோல்ட் காட்டுது, ஹெட்லைட், ப்ளோயர் போட்டா 13.9.

அம்பத்தூர்_ஆட்டோஎலக்ட்ரிக்:

சந்தோஷம். 14.2 சரியான அளவு. டைனமோ கரண்டும் அந்தப் பட்டை வழியாத்தான் திரும்பி வரணும். அது போயிருந்த நாள் எல்லாம் பேட்டரி அரைகுறையாத்தான் சார்ஜ் ஆகியிருக்கும். அதனால இன்னைக்கு ஓட்டிட்டு நிறுத்தி, ராத்திரி விட்டு, காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளங்க. 12.5-க்கு மேல இருந்தா பேட்டரிக்கு ஒண்ணும் ஆகல. 12.2-க்குக் கீழ இருந்தா லோடு டெஸ்ட் போடச் சொல்லுங்க, 8 மாசம்தானே, வாரன்டி இருக்கும்.

கியர் கேபிளையும் ஒரு தடவை நல்லாப் பாருங்க. உறை எங்கயாவது பளபளன்னு உருகியிருந்தா, இல்ல கியர் விழும்போது இறுக்கமா இருந்தா, ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விடாம மாத்திடுங்க. அப்புறம் லோடு இறக்கினதும் வானகரத்துலயே நல்ல தண்ணியால பாடிக்கு அடியில சேஸிஸையும் அந்த எர்த் போல்ட்டையும் அடிச்சுக் கழுவிடுங்க. ஜெல்லி மாசம் ஒரு தடவை தடவுங்க.

காசிமேடு_லோடு:

காலையில 12.61. கேபிள்ல ஒரு இடத்துல உறை லேசா சுருங்கியிருக்கு, ஞாயித்துக்கிழமை மாத்திடுறேன்.